ஐம்பத்தெட்டு மார்க் கோல்கீப்பர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1945 அக்டோபர் 7, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது மணி மாலை ஐந்து பத்து. டோக்கியோ நேரம் அல்ல, நம்முடைய பழைய நேரம். ஜப்பான்காரன் போனதும் கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னால் தள்ளியாயிற்று. என் வயிறுதான் இன்னும் தள்ளவில்லை. ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர், மட்டை ஒன்பது, பந்து ஒன்று, சாப்பாட்டு இலை ஐந்து. நம் பிரிக்பீல்ட்ஸ் வாலிபர் ஹாக்கி சங்கத்தின் இன்றைய நிலை இதுதான். நான் அதன் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் சுகம். உனக்கு ஐந்தாம் மாதம், வாந்தி நின்றதா? அத்தான் லோரி இன்னும் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பில்தான் ஓடுகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஆட்டம் தொடங்குகிறது. அதற்குள் பழைய ஆட்களிடம் மறுபடி வாக்கு வாங்க வேண்டும். சும்மா யார் வாக்குக் கொடுப்பார்கள்? சங்கத் தலைவர் கிஃபாயத்துல்லா அண்ணனிடம் கேட்டேன். அவருடைய சாப்பாட்டுக் கடைதானே நமக்கு அலுவலகம்.

"இருக்கிற அரிசிக்கு அஞ்சு இலைதான் தம்பி. ஆறாவது இலை போட்டா எம்புள்ளைங்க மரவள்ளி தின்னணும்" என்றார்.

ஆக, பயிற்சி நாட்களில் ஐந்து பேருக்குச் சோறு, மற்றவர்களுக்குத் தேநீர். இதற்கிடையில் துறைமுகத்து அணி ஒன்று, வருகிறவர்களுக்கெல்லாம் கருவாடு கட்டித் தருவதாக ஆள் விட்டுக் கூப்பிடுகிறது. சோறு கிடைக்காதவன் கருவாட்டுக்குப் போவான். அதனால் யாரை விடவே கூடாது, யார் போனால் போகட்டும் என்று வரிசை போட்டுவிட்டேன். சட்டைக்குக் கவலையில்லை, அண்ணன் எங்கேயோ ஒரு பாராசூட் துணி பிடித்து வைத்திருக்கிறார்.

ரயில்வே பட்டறையில் வேகன்களை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்த்தேன். ஓட்டம், பந்தை நிறுத்துதல், அடி, மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. கூட்டினால் மூன்று வகை: ஓடும், பழுது பார்த்தால் ஓடும், உடைத்துப் போடலாம்.

முதல் இலை கோல்கீப்பர் பழனியப்பனுக்கு, 58. அடுத்து சென்டர் ஃபார்வர்ட் ஜெயராஜ், 84. பிறகு எழுபதுகளில் மூன்று பேர். அதோடு இலை முடிந்தது. நசீருதீன், 69, அவனுக்குத் தேநீர். ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் சயாமுக்குப் போன இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை. அவர்களுக்கு வரி போட்டு, மார்க் போடாமல் விட்டிருக்கிறேன்.

கடைசியில் அத்தான். 31. மூன்றாம் வகை. முப்பத்தாறு வயது, வலது முட்டியில் சத்தம், திரும்புவதற்குக் கப்பலைப் போல இடம் வேண்டும். ஃபுல் பேக் என்று நின்றால் எதிராளி சுற்றிக்கொண்டு போய்விடுகிறான். இதை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்குவம் வராது.

அன்புடன் தம்பி,
தம்புசாமி


கிள்ளான்
13 அக்டோபர்

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வாந்தி நின்றது, உன் கடிதம் படித்ததும் மறுபடி வரும்போல் இருந்தது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, செயலாளருக்கும் தேநீர்தானா?

பக்குவமாகச் சொல் என்றாய். எனக்கும் அது வராது, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. அப்படியே படித்துக் காட்டினேன். உன் அத்தான் சிரித்தார். பிறகு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டபோது, "அந்த முப்பத்தொண்ணும் எதுக்குக் குடுத்தான்னு கேட்டு எழுது. மூச்சு விடறதுக்கா?" என்றார். அதற்குப் பிறகு உன் பேரைச் சொன்னால் ஸ்பானரைத் தேடுகிறார்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் பாசாரில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. 84க்கு முன்னால் 58 எப்படிடா உட்கார்ந்தது? உன் மார்க்குப்படி அந்தக் கோல்கீப்பர் ஆறாவது. நசீருதீன் ஐந்தாவது. அந்தப் பிள்ளையின் இலையைப் பிடுங்கி இவனுக்கு ஏன் போட்டாய்?

எந்தப் பழனியப்பன்? நம் வரிசையில் மூன்றாவது வீட்டிலிருந்த சிக்னல்காரர் மகனா? ஜப்பான்காரன் வந்ததும் காஜாங் பக்கம் மரவள்ளி போடப் போனார்களே, அவர்களா? அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்து மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு, குடை பிடிக்காமல் வெயிலில் போவாள். அவள் பேர் என்ன?

அக்கா,
சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்
22 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சாப்பிடுகிறேன். நீ இரும்புச் சத்துக்குக் கீரை தின்ன வேண்டும்.

கணக்கைப் பற்றிக் கேட்டாய். கோல்கீப்பர் விஷயம் தனி. முன்னால் ஓடுகிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள், கீப்பர் ஒருவன்தான். ஒரே ஒரு உதிரிப்பாகம் இருந்தால் அதைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நசீருதீன் கோபமாக இருக்கிறான். அவனுக்கு விளக்கினேன். விளக்கியபிறகு இன்னும் கோபமாக இருக்கிறான்.

போன ஞாயிறு காஜாங் போய்ப் பழனியப்பனை நேரில் பரிசோதித்தேன். சைக்கிள் டயரில் காற்றுக்குப் பதில் கெட்டி ரப்பர் என்பதால் பட்டறையில் நான்கு நாள் நின்றுகொண்டே படம் வரைந்தேன். அறிக்கை:

மரவள்ளிக் கொல்லை நடுவில் இரண்டு கட்டை நடப்பட்டது. பத்துப் பந்து அடிக்கப்பட்டது. நான்கைத் தடுத்தான். குறைவு என்று நினைக்காதே. அடி தாழ்வாக, கடுமையாக, ஒவ்வொன்றும் அவனுடைய இடது காலைப் பார்த்தே வந்தது. அப்படிப்பட்ட அடியை 1941லும் நம் பக்கத்தில் யாரும் அடித்ததில்லை. காலில் கட்டும் பழைய பேடுகளின் பஞ்சு தலையணைக்குப் போய்விட்டது. புதிதாக ஒரு ஜோடி கூடாரத் துணியில் தைக்கப்பட்டிருக்கிறது. தையல் மிக நேர்த்தி. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தேநீர் கொடுக்கப்பட்டது. சர்க்கரை இல்லை. நன்றாக இருந்தது.

வரிசையைக் காட்டினேன். முதல் இடம் என்றதும் பையன் பூரித்துவிட்டான்.

இன்னும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

தம்பி,
தம்புசாமி


கிள்ளான்
27 அக்டோபர்

தம்பிக்கு,

கீரை தின்கிறேன். நீ உட்காரும் இடத்துக்கு வேப்பெண்ணெய் போடு.

ஒரே ஒரு கீப்பர் என்கிறாய். உன் அத்தான் ஒரு வருஷம் முழுவதும் கோல் நின்றிருக்கிறார், மறந்துவிட்டாயா? அவரே ஞாபகப்படுத்தச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி லோரிக்கு அடியில் போய்விட்டார்.

நான் ஒன்று கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இப்போது இன்னொன்று கேட்கிறேன். பந்து அடிக்கப்பட்டது, பேடு தைக்கப்பட்டது, தேநீர் கொடுக்கப்பட்டது. அந்த வீட்டில் பேயா குடியிருக்கிறது?

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
4 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வேப்பெண்ணெய் போட்டேன். பட்டறை முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

பந்தை அடித்தது அவன் தங்கை லெட்சுமி. பேடு தைத்ததும் அவள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாததால் எழுதவில்லை. என் மார்க் தாளை அண்ணனிடமிருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. கூட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது பரிசோதனையும் முடிந்தது. கீப்பர் தயார். ஆனால் ஒரு பெரிய தடங்கல். அவன் அப்பா, கப்பல் விட்டதும் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போய்விடுவது என்று இருக்கிறார். நான் நேராகவே கேட்டேன்.

"இங்க என்ன குறை? ரயில்வேல திரும்ப எடுக்கிறாங்க. பழனியப்பனுக்கு வேலை நான் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸ்லயே வீடு கிடைக்கும்."

"அதெல்லாம் சரி தம்பி. வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு இங்க எப்படி இருக்கிறது? யார் எங்க போனான், யார் திரும்பி வருவான்னே தெரியல. ஊர்ல அவ அத்தை மகன் இருக்கான். கொடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்."

"பையன் என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல. ஆனா சொந்தம்."

ஆக, தடங்கல் ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு இங்கேயே இடம் அமைந்தால் அப்பா தங்குவார். அப்பா தங்கினால் கீப்பர் தங்குவான். எனவே நம் அணியில் யாருக்காவது அவளைக் கட்டிவைத்துவிட்டால் காரியம் முடிந்தது. கல்யாணமாகாதவர்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

ஜெயராஜ்: 84 வாங்கியவன், ஆனால் பந்து வராவிட்டால் மட்டையைத் தரையில் அடிப்பான். வீட்டிலும் அடிப்பான். முடியாது. லெஃப்ட் ஹாஃப்: நல்லவன், ஆனால் பேசுவதற்கு முன் மூன்று முறை தொண்டையைக் கனைப்பான், அவளுக்குப் பொறுமை இல்லை. ரைட் விங்: குள்ளம். இன்சைட் லெஃப்ட்: பெண்கள் ஹாக்கி ஆடக்கூடாது என்கிறவன். அவன் பேரைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை. மீதி இரண்டு பேருக்கும் பல் சரியில்லை.

யாருமே தேறவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறேன். நசீருதீன் துறைமுகத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலமும் இருந்ததாம். ஜனவரிக்குள் ஐந்தாவதும் போய், முதலாவதும் கப்பலேறினால் நான் செயலாளர் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டும்.

தம்பி,
தம்புசாமி


கிள்ளான்
8 நவம்பர்

தம்பிக்கு,

சுகம். குழந்தை உதைக்கிறது, உன் அத்தான் அதற்கு இப்போதே அறுபது மார்க் போட்டிருக்கிறார்.

கல்யாணமாகாதவர்களை எல்லாம் பார்த்தேன் என்கிறாய். ஒரு ஆளை விட்டுவிட்டாய்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
28 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை அதிகம். பட்டறையில் குண்டு விழுந்த கூரை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. மழை வந்தால் வரைபடங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறோம். நீ நலமா? குழந்தை உதைப்பது நல்லது. கால் பலம்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஜெயராஜ் காஜாங்கில் சத்தே சாப்பிடப் போகிறேன் என்றான். பயிற்சி இருக்கிறது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அன்றைக்குப் பயிற்சி இல்லை. பிறகு அவனுக்காக ஒரு பயிற்சி வைத்தேன். மழையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடினோம்.

அத்தானுக்கு முட்டி எப்படி இருக்கிறது? அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் அவர் திரும்புவது மெதுவாக இருந்தாலும் நிற்கிற இடத்தில் உறுதியாக நிற்பார். அனுபவத்துக்கு நான் மார்க் ஒதுக்கவில்லை. அது என் மார்க் கட்டத்தில் உள்ள குறை.

அத்தானுடைய லோரி டிசம்பர் பத்துக்குள் காஜாங் பக்கம் வருமா? ஏற்றுவதற்குச் சாமான் ஒன்றுமில்லை. ஆள்தான். நம் அப்பா இல்லாத இடத்தில் முன்னால் நின்று பேச அக்கா புருஷன்தான் வேண்டும் என்று கிஃபாயத்துல்லா அண்ணன் சொல்கிறார். எதைப் பேச என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவராகச் சொல்கிறார்.

தம்பி,
தம்புசாமி


கிள்ளான்
1 டிசம்பர்

மச்சான் தம்புசாமிக்கு,

மூன்றாம் வகை, உடைத்துப் போடலாம், முப்பத்தொரு மார்க் பக்கிரிசாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டியும் சௌக்கியம். அது உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

எட்டு வருஷத்தில் நீ என் முட்டியைப் பற்றி இதற்கு முன் இரண்டு முறை விசாரித்திருக்கிறாய். இரண்டு முறையும் அடுத்த நாள் என்னை அணியிலிருந்து எடுத்தாய். இந்த முறை உனக்கு லோரி வேண்டும்.

லோரி வரும். ஓட்டுகிறவன் வருவதற்கு நிபந்தனை இருக்கிறது. ஒன்று, ஜனவரியில் முதல் ஆட்டத்துக்கு ரைட் ஃபுல் பேக் நான். தேநீர் போதும், இலை வேண்டாம். இரண்டு, வரிசையில் என் பேரை மேலே ஏற்ற வேண்டாம், ஆனால் "உடைத்துப் போடலாம்" என்ற வார்த்தையை அடிக்க வேண்டும். கிள்ளானில் லோரி வரிசையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உன் அக்கா சொல்லியிருக்கிறாள். கரி போடுகிற பையன்கூட, "அண்ணே, ஒடச்சுப் போடவா, பழுது பார்க்கவா?" என்று கேட்கிறான்லா.

மூன்றாவது நிபந்தனை இல்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு ஆட்டத்தில் வேலிக்கு வெளியே நின்று, "ஃபுல் பேக் அண்ணே, இடது பக்கம் பாருங்க!" என்று கத்தினாள். பார்த்தேன். பந்தைப் பிடித்தேன். நீ அன்றைக்கு எனக்கு மார்க் போடவில்லை.

பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்
3 டிசம்பர்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

சம்மதம். ரைட் ஃபுல் பேக் நீங்கள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "கவனித்துப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருக்கிறேன். முட்டிக்கு என் வணக்கம்.

தம்புசாமி


கிள்ளான்
5 டிசம்பர்

தம்பிக்கு,

இந்த வயிற்றோடு கரி லோரியில் குலுங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். அதனால் எழுத்தில் சொல்கிறேன். கவனமாகப் படி, இது வேகன் அல்ல.

மார்கழி பிறந்துவிட்டால் தை வரை எதுவும் பேசக்கூடாது. ஒன்பதாம் தேதி ஞாயிறு நல்ல நாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள், பூ, ஒரு சேலை. சேலை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் துணி இல்லாத தட்டோடு போகாதே. தட்டைப் பெண்பிள்ளைதான் எடுக்க வேண்டும். ஜுபைதா அக்காவைக் கூப்பிடு. கிஃபாயத்துல்லா அண்ணன் சம்சாரம் வந்தால் எனக்கு மனசு நிம்மதி.

பேசுவது உன் அத்தான். நீ வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேட்டால் தலையை ஆட்டு. "மார்க்" என்ற சொல் உன் வாயிலிருந்து வரவே கூடாது.

நீ கடைசிவரை அவளைப் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. தட்டோடு போகிறாய், அது போதும்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
16 டிசம்பர், ஞாயிறு, காலை பதினோரு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வாயால் கேட்டிருப்பாய். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியை நான் எழுதுகிறேன்.

எல்லாச் சாமானும் சேர்ந்துவிட்டது, சேலை தவிர. பெத்தாலிங் தெரு முழுவதும் அலைந்தேன். கடைசியில் சட்டைக்கு வைத்திருந்த பாராசூட் துணியைக் கிஃபாயத்துல்லா அண்ணனிடம் கேட்டேன். பட்டு மாதிரி வழுவழுப்பு, கிழியாத நெசவு. ஆறு கெஜம் வெட்டி மடித்துத் தட்டில் வைத்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தட்டை எடுக்க வந்த ஜுபைதா அக்கா பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார்.

"அட அறிவுகெட்ட தம்பி! வெள்ளத் துணியா? பொண்ணு கேட்டுப் போற தட்டுல, தாலியறுத்தவங்க உடுத்துற வெள்ளத் துணியா? எனக்கே தெரியுதே, உனக்குத் தெரியலயா?"

எனக்குத் துணியின் பலம்தான் தெரிந்தது, நிறம் கண்ணில் படவே இல்லை. வாசலில் லோரி ஏற்கெனவே புகை கக்கிக்கொண்டிருந்தது. ஜுபைதா அக்கா துணியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சால்னாவுக்கு அரைத்து வைத்த மஞ்சள் அத்தனையும் ஒரு தேக்சாவில் கொட்டி, துணியை முக்கி எடுத்தார். நல்ல மஞ்சள். காஜாங் போகும்வரை அத்தானும் கிஃபாயத்துல்லா அண்ணனும் லோரியின் பின்னால் நின்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் காற்றில் உலர்த்தினார்கள். ஓட்டியது நான். வழியில் இரண்டு இடத்தில் ஏதோ திருவிழா என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அங்கே போனதும் லோரிப் புகையில் தெருவே இருமிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தான் ஆரம்பித்தார்.

"எங்க பையனப் பத்தி ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ரயில்வேல படம் வரையறான். குடி இல்ல, சீட்டு இல்ல. வாய் மட்டும் கொஞ்சம் கூர்மை. எனக்கே முப்பத்தொரு மார்க் போட்டவன்."

அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கா? சொந்த அத்தானுக்கா?"

"ஆமாங்க. கடைசி ஆள் நான்தான். எழுதியே அனுப்பினான், எம் பொண்டாட்டி படிச்சுக் காட்டுனா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா புருசனுக்கே முகத்துக்கு நேரா முப்பத்தொண்ணு போட்டவன், நாளைக்கு எம் பொண்ணுகிட்டப் பொய் சொல்ல மாட்டான்" என்றார். அத்தான் முட்டியைத் தடவிக்கொண்டார்.

அப்போது லெட்சுமி வந்தாள். தட்டிலிருந்த துணியைத் தொட்டாள், மோந்தாள்.

"சேலையா, சால்னாவா?"

ஜுபைதா அக்கா, "ரெண்டும்தான் தாயி, கட்டிக்கவும் செய்யலாம், தொட்டுக்கவும் செய்யலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கண்ணனுக்கு அம்பத்தெட்டு. நான் கூட்டிப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. அப்ப அவன் ஆறாவது. முதல்ல ஏன் எழுதினீங்க?"

"லெட்சுமி!" என்றார் அப்பா. பழனியப்பன் கூரையைப் பார்த்தான். அத்தான் என் காலை மிதித்தார். நான் தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை.

"தலைய ஆட்டுனா எப்படி? எது தப்பு? மார்க்கா, வரிசையா?"

மன்னித்துக்கொள், அக்கா. வாயைத் திறந்தேன்.

"மார்க் சரி. வரிசைதான் தப்பு" என்றேன். "தெரிஞ்சேதான் எழுதினேன். இங்க வர்றதுக்கு வேற காரணம் கிடைக்கல."

வெளியே லோரி தானாக ஒரு முறை தும்மியது. அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தொலைந்தது என்று நினைத்தேன். உள்ளேயிருந்து அவள் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "பாட்டனுக்கும் பூட்டனுக்கும் சொந்தம்னு சொல்ற அத்தை மகன் வேணாம்மா. இவரு போதும்."

அவள் அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். கப்பல் போனால் போகட்டுமாம். கல்யாணம் தையில். பழனியப்பன் பிரிக்பீல்ட்ஸ் வந்து, வேலை கிடைத்து, எங்களோடேயே தங்குவான்.

நேற்று அவனுக்கு முதல் பயிற்சி. ஆறு கோல் விட்டான். ஆறும் இடது காலுக்கு வெளியே. ஏழாவதைக் கோட்டின்மேல் நின்று முட்டியால் தடுத்தவர் அத்தான். சத்தம் செந்தூல் வரை கேட்டிருக்கும். அது பந்தின் சத்தமா முட்டியின் சத்தமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடு. நான் 31ஐ 38 ஆக்கியிருக்கிறேன். அதற்கு மேல் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைக்குக் கால் எப்படி என்று எழுது. இனி நான் செய்யப்போவது:

1. கிஃபாயத்துல்லா அண்ணன் கடை மாவுச் சாக்குகளை வெளுத்துச் சட்டை தைக்கக் கொடுப்பது. பாராசூட்டில் மீதமிருப்பது ஐந்து சட்டைக்குத்தான் வரும்.

2. அத்தானுக்கு நீளக் கால்சட்டை. முட்டிக் கட்டு எதிராளிக்குத் தெரியக் கூடாது.

3. சயாமுக்குப் போன இருவர் வரிகளை வெற்றாகவே வைத்திருப்பது. ஒன்பது மட்டையில் இரண்டை யாரும் தொடாமல் எடுத்து வைப்பது.

4. லெட்சுமியிடம் அந்தத் தாழ்ந்த அடியைக் கற்றுக்கொள்வது. அவள் கற்றுக்கொடுக்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பது.

5. இன்றே நசீருதீன் வீட்டுக்குப் போய், கணக்குப்படி அவன்தான் ஐந்தாவது, நான்தான் ஏமாற்றினேன் என்று சொல்வது. தையிலிருந்து ஐந்தாவது இலை அவனுக்கு. கருவாட்டைத் துறைமுகத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்வது, தின்றிருந்தால் விட்டுவிடுவது.

6. பழனியப்பனை அவனுக்கு உரிய ஆறாவது இடத்துக்கு இறக்குவது. கடையில் இலை போனாலும் பசிக்க மாட்டான். தங்கை வீட்டில் சாப்பிடுவான். இதை அவனிடம் சொல்வது, தாலி கட்டிய மறுநாள்.

தம்பி,
தம்புசாமி